கட்டினான், கட்டிக்கொண்டாள், கட்டிக்கொடுத்தார்கள்

ஒரகடத்து உதிரிபாக ஆலை ஒன்றில் இரண்டாம் ஷிப்ட் முடியும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். பீகாரிலிருந்து வந்து, மணிமங்கலத்தில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் சூப்பர்வைசர் முன்னால் வந்து நிற்கிறார். இரண்டு வருடம் லைனில் நின்று பழகிய தமிழ். "சார், அடுத்த மாசம் நான் கல்யாணம் பண்றேன். பத்து நாள் லீவு வேணும்."

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறார்: "யாருக்கு தம்பி?"

இளைஞர் விழிக்கிறார். அவருக்குத்தான்! வேறு யாருக்கு? சூப்பர்வைசர் கிண்டல் செய்யவும் இல்லை. "நான் கல்யாணம் பண்றேன்" என்றால் தமிழ்க் காதில் அது பெண்ணைப் பெற்றவர் பேச்சு. தங்கையைக் கரையேற்றும் அண்ணன் பேச்சு. மாப்பிள்ளை பேசுவதென்றால் "பண்ணிக்கிறேன்" என்று வரவேண்டும். நடுவில் நுழைந்த அந்தச் சின்ன "க்கி"யில்தான் மணமேடையில் உட்காரப்போவது யார் என்ற செய்தியே இருக்கிறது.

அந்த இளைஞர் தடுமாறும் இடம் இது ஒன்றே அல்ல. ஊருக்குள் அவர் பார்க்கும் "கல்யாண மண்டபம்" என்ற பலகையை யாராவது படித்துக் காட்டினால், அதை அவர் நலத்துறை அலுவலகம் என்றே நினைப்பார். இந்தியில் "கல்யாண்" என்றால் நலம், நன்மை. சமூக நலத்துறை அங்கே "சமாஜ் கல்யாண் விபாக்". சமஸ்கிருதத்தில் "நல்லது, மங்கலமானது" என்று பொருள்பட்ட சொல், தென்னகத்தில் நல்ல காரியங்களில் ஒன்றுக்கே பெயராகிவிட்டது. "மங்கலம்" என்ற சொல்லும் இப்படிப் பல வீடு புகுந்ததுதான். பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர்களின் பெயரில் சதுர்வேதிமங்கலம் என்று அமர்ந்தது. மணப்பெண் கழுத்தில் மங்கலநாண் ஆனது. மணிமங்கலத்துக்கும் அந்த வால் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்றாக இந்த ஊரைக் கூரம் செப்பேடு குறிக்கிறது. ஊர்ப்பெயரில் மங்கலம், செப்பேட்டில் ரத்தக்களரி.

பெயர்ச்சொல்லின் கதை அவ்வளவுதான். சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது.

வேதியியல் வகுப்பில் இணைதிறன் என்று படித்தது நினைவிருக்கலாம். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு கை, கார்பனுக்கு நாலு. ஒவ்வொரு கையும் ஒரு துணையைப் பிடிக்கும். இந்தக் கருத்தை அப்படியே எடுத்து இலக்கணத்தில் வைத்தவர்களில் முக்கியமானவர் லூசியன் தெனியேர் என்ற பிரெஞ்சு மொழியியலாளர். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1959இல் வெளிவந்த அவரது பெரும் நூலில், வினைச்சொல்லை ஒரு குட்டி நாடகத்துக்கு ஒப்பிட்டார். நாடகம் என்றால் பாத்திரங்கள் வேண்டும். "தூங்கு" என்ற நாடகத்துக்கு ஒரே நடிகர் போதும். "உடை"க்கு இருவர்: உடைப்பவரும் உடைபடுவதும். "கொடு" என்றால் மூன்று: கொடுப்பவர், பொருள், வாங்குபவர். இதை வினையின் இணைதிறன் எனலாம்.

கல்யாணம் என்ற நாடகத்துக்கு எத்தனை நடிகர்?

இருவர் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் மேடையைப் பாருங்கள். மணமக்கள் இருவர், பெண்ணைக் கொடுக்கிறவர்கள், எடுக்கிறவர்கள், நடத்திவைக்கிற ஐயரோ பாதிரியாரோ காஜியாரோ தலைவரோ. இதில் யாரை எழுவாயாக்குவது என்பதில் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு முடிவெடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே வினை எல்லோருக்கும் பொருந்தும்: அவன் அவளை மணப்பதும், தகப்பன் மகளை மணம் முடித்துத் தருவதும், பாதிரியார் இருவரையும் சேர்த்துவைப்பதும் ஒரே சொல்தான். பிரெஞ்சில் இதை இரண்டாக்கிவிட்டார்கள். துணையாக ஏற்பதற்கு "எப்பூசே"; சேர்த்துவைப்பதற்கு "மரியே". புதிதாகப் பிரெஞ்சு படிப்பவர், நான் அவளை மணக்கிறேன் என்று சொல்ல நினைத்து இரண்டாவது சொல்லைப் போட்டுவிட்டால், கேட்பவருக்கு அவர் பாதிரியாராகிவிடுவார். ஒரகடத்து இளைஞருக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதேதான்.

இந்தக் குழப்பமெல்லாம் வேண்டாம், விதிப்படி நடக்கும் ஒரு மொழியை நாமே செய்துவிடலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. 1887இல் சமென்ஹோப் எஸ்பெராண்டோவை வெளியிட்டார். பொதுமொழி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கென்று அமைந்த குழு 1907இல் பாரீசில் கூடியபோது, அதைத் திருத்தி எழுதிய மாற்று வடிவம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அதன் பெயர் இடோ. எஸ்பெராண்டோவில் அந்தச் சொல்லுக்கு "வழித்தோன்றல்" என்று பொருள். பிள்ளைக்குப் பொருத்தமான பெயர்தான். அதற்கு முதுகெலும்பாக இருந்தவர் லூயி கூத்தூரா என்ற தர்க்கவியலாளர். தர்க்கவியலாளர் கையில் மொழி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இடோ நல்ல சாட்சி.

எஸ்பெராண்டோவில் கூத்தூராவை உறுத்திய விஷயம் ஒன்றுண்டு. அதில் "மார்ட்டேலோ" என்றால் சுத்தியல். அதன் வால் மட்டும் மாறினால் "மார்ட்டேலி", சுத்தியலால் அடி. அதேபோல "கொம்பி" என்றால் தலை வாரு; வாலை மாற்றி "கொம்போ" என்றால் சீப்பு வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வராது. கொம்போ என்பது வாருதல். சீப்பு வேண்டுமானால் கருவியைக் குறிக்கும் ஒட்டைச் சேர்த்துக் "கொம்பிலோ" என்று சொல்லவேண்டும். எந்த வேர் பொருளிலிருந்து தொடங்குகிறது, எது செயலிலிருந்து தொடங்குகிறது என்று மனப்பாடம் செய்தால்தான் உண்டு. இடோவில் இதற்கு மீள்வழி விதி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: போன வழியிலேயே திரும்பி வர முடிய வேண்டும். 13 நம்பர் ஸ்பேனரால் இறுக்கிய போல்ட்டை 13 நம்பர் ஸ்பேனரால்தான் கழற்ற வேண்டும்; கழற்றும்போது வேறு நம்பர் கேட்டால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

அந்தப் பட்டறையில் கல்யாணம் எப்படி வார்க்கப்பட்டது? வேர் பிரெஞ்சிலிருந்து வந்தது. "மரியாஜர்" என்பது வினை. வாலை "ஓ" ஆக்கினால் "மரியாஜோ", அந்தச் செயலின் பெயர், மணம். மணமானவர் "மரியாஜிட்டோ". ஒருவரை மணம்செய்ய வைப்பது "மரியாஜிகர்". இன்னும் நுணுக்கமான ஒட்டுகளும் கைவசம் உண்டு: "எப்ல" சேர்த்தால் செய்யக்கூடியது, "இந்த" சேர்த்தால் செய்யத் தகுந்தது, "எந்த" சேர்த்தால் செய்தே தீரவேண்டியது. ஆக ஒரு வரனைக் கட்டிக்கலாம், கட்டிக்கத் தகுந்தவர், கட்டித்தான் ஆகணும் என்று மூன்று தட்டாக ஒரே வேரிலிருந்து பிரித்துவிடலாம். நம் ஊர்த் தரகர்களுக்கு வாய்த்திருக்க வேண்டிய மொழி.

இதோடு சேர்ந்த இன்னொரு திருத்தம் இன்னும் சுவையானது. எஸ்பெராண்டோவில் "எட்ஸோ" கணவன்; அதோடு பெண்பால் ஒட்டைச் சேர்த்தால்தான் மனைவி, "எட்ஸீனோ". ஆகவே ஆண் மணமுடித்தால் "கணவனானான்" என்று ஒரு வினை, பெண் மணமுடித்தால் "மனைவியானாள்" என்று வேறொரு வினை. இடோவில் "ஸ்போஸோ" என்ற பொதுப்பால் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்: வாழ்க்கைத் துணை. ஆணென்று சொல்லியே ஆகவேண்டுமென்றால் "ஸ்போஸூலோ", பெண்ணென்றால் "ஸ்போஸீனோ". இரண்டு பக்கமும் சம எடை.

இப்போது தமிழுக்கு வருவோம். இதுவும் ஒட்டுநிலை மொழிதான். வேரின் பின்னால் உறுப்புகளைக் கோத்துக்கொண்டே போகலாம். ஆனால் கூத்தூரா வைத்த திட்டப்படி இல்லை.

"கட்டு" என்ற வினையை எடுத்துக்கொள்ளலாம். "தாலி கட்டினான்" என்பதில் மூன்று பாத்திரங்கள்: கட்டுகிறவன், தாலி, யார் கழுத்தில் கட்டுகிறான் என்பது. வழக்கப்படி இதை ஆண்தான் செய்வான். "அவள் அவனுக்குத் தாலி கட்டினாள்" என்றால் இலக்கணப் பிழை ஏதும் இல்லை; கேட்பவர் புருவம் மட்டும் உயரும். இதோடு "கொள்" சேரட்டும்: "அவள் அவனைக் கட்டிக்கிட்டாள்". எந்தப் புருவமும் உயராது. அப்படியானால் "கட்டிக்கொள்" என்ற கூட்டில் தாலியும் முடிச்சும் கரைந்துபோய்விட்டன. அவன் அவளைக் கட்டிக்கிட்டான் என்றால் அவளும் அவனைக் கட்டிக்கிட்டாள் என்றே ஆகிறது. எதிரெதிரே வைத்த கண்ணாடி மாதிரி இருபுறமும் ஒன்றே தெரியும் இத்தகைய வினைகளைச் சமச்சீர் வினைகள் எனலாம். "சந்தி", "கைகுலுக்கு" எல்லாம் இந்த வகை.

மொழியியலாளர் ஒருவர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதைக் கவனித்தால், அவருக்கு ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை என்பது தெரியும். சமையல் மேஸ்திரி துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பதுபோல, ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு உறுப்பை மாற்றி, அந்த மொழியில் வளர்ந்தவரிடம் கொடுத்து, சரியாக இருக்கிறதா, இடிக்கிறதா என்று கேட்பார். இடித்தால் வாக்கியத்தின் தலையில் ஓர் உடுக்குறி போட்டுவைப்பார். நூறு நல்ல வாக்கியங்கள் சொல்லாததை அந்த ஒரு கெட்ட வாக்கியம் சொல்லிவிடும்.

"வேணும்னே" என்ற சொல்லை வைத்து ஒரு சோதனை. "அவன் வேணும்னே அவசரமா கல்யாணம் பண்ணிக்கிட்டான்" என்றால் இயல்பாக இருக்கிறது. "அவனுக்கு வேணும்னே கல்யாணம் ஆச்சு" என்றால் இடிக்கிறது. முதல் வாக்கியத்தில் அவன் செய்பவன். இரண்டாவதில் "அவனுக்கு" என்ற நான்காம் வேற்றுமைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பசிக்குது, எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு: மூன்றிலும் "எனக்கு" ஒன்றுதான். வந்து சேர்ந்ததை அனுபவிக்கிறவரின் வேற்றுமை. இதற்கு மேல் விளக்கம் தேவையானால் மணமான வாசகர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனை பெற்றவர்கள் பேச்சில். "மகளைக் கட்டிக்கொடுத்தோம்" என்பார்கள். "மகனைக் கட்டிக்கொடுத்தோம்" என்று பொதுவாகச் சொல்வதில்லை. "மகனுக்குக் கட்டிவைத்தோம்" அல்லது "பண்ணிவைத்தோம்". மகள் இரண்டாம் வேற்றுமையில் கைமாறும் பொருள். மகன் நான்காம் வேற்றுமையில் பெற்றுக்கொள்பவன். "வாக்கப்பட்டு வந்தேன்" என்று பெண்தான் சொல்லலாம். வாழ்க்கைப்படுதலில் உள்ள "படு" அடிபடு, துன்பப்படு ஆகியவற்றில் வரும் அதே "படு". "அவன் இந்த ஊர்ல வாக்கப்பட்டான்" என்றால் அது வீட்டோடு மாப்பிள்ளையைக் கேலிசெய்யும் வாக்கியம். எஸ்பெராண்டோ ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு வினை வைத்ததை இடோக்காரர்கள் குறையாகக் கண்டார்கள். நம்மிடம் அந்தக் குறை அடுக்கடுக்காக இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் தமிழில் மண வினையின் எலும்பாக இருப்பவை "கொள்", "கொடு" என்ற இரண்டும்தான். இது புதிதாக வந்ததும் இல்லை. தொல்காப்பியக் கற்பியலின் தொடக்கத்திலேயே மணம் எது என்பதற்குத் தரும் விளக்கம், கொடுப்பதற்கு உரியவர்கள் கொடுக்க, கொள்வதற்கு உரியவன் சடங்கோடு கொள்வது என்று இந்த இரு வினைகளின் மேல்தான் நிற்கிறது. அடுத்தாற்போலவே ஒரு விலக்கும் உண்டு: காதலர் உடன்போக்காகப் போய்விட்டால், கொடுப்பவர் இல்லாமலும் சடங்கு நடக்கும். இணைதிறன் மொழியில் சொன்னால், மூவர் நாடகத்தில் ஒரு பாத்திரத்தை எப்போது விட்டுவிடலாம் என்ற விதி அது. ஊர்ப்பேச்சில் இன்றைக்கும் சம்பந்தம் செய்யும் உறவுக்குக் "கொள்வினை கொடுப்பினை" என்றே பெயர். பெயரிலேயே வினை இருக்கிறது.

"கட்டு" அந்த அளவுக்குப் பழையது என்று சொல்லத் தயக்கம் உண்டு. அகநானூற்றின் 86ஆம் பாட்டும் 136ஆம் பாட்டும் கல்யாண வீட்டையே நேரில் காட்டுகின்றன. பந்தல், புதுமணல், உளுந்து சேர்ந்த உணவு, ரோகிணியோடு கூடிய நிலா, மகப்பேறு பெற்ற பெண்கள் மணமகளை நீராட்டுவது எல்லாம் இருக்கின்றன. தாலி முடிவதும் தீ வலம் வருவதும் அங்கே இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் கோவலனும் கண்ணகியும் தீயை வலம் வருகிறார்கள். பாட்டில் இல்லாததால் ஊரிலும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. புலவர் போட்டோ ஆல்பம் தயாரிக்கவில்லை. ஆனால் மணத்துக்கு அகப்பாடல்கள் வழங்கும் சொற்கள் வதுவை, மன்றல், வரைவு, மணம் என்று வேறு திசையில் போவது கவனிக்கத்தக்கது. இதில் "மணம்" இன்றும் பிழைத்திருக்கிறது, வாசனை என்ற இன்னொரு பொருளோடு. மல்லிகை மணக்கிறது, மல்லிகாவை மணக்கிறான். "ஐ" இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பூவா பெண்ணா என்று தெரிந்துவிடும். ("மனைவி"யை இந்தக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது. அது மனை, அதாவது வீடு, என்பதிலிருந்து வந்தது; இரண்டு சுழி ன.)

சரி, பீகார் இளைஞர் ஏன் "பண்றேன்" என்றார்? அவர் மொழியில் "கொள்" இல்லாததாலா? இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. இந்தியில் "ஷாதி கர் லீ" என்றால் தனக்குத்தானே செய்துகொண்டான். அந்த "லீ", எடு, கொள் என்ற பொருளுடைய "லேனா". "பேட்டி கீ ஷாதி கர் தீ" என்றால் மகளுக்குச் செய்துகொடுத்தார். அந்த "தீ", கொடு என்ற "தேனா". தெலுங்கிலும் "பெள்ளி சேசுகுன்னாடு" என்று நம் "கொள்"ளின் உடன்பிறப்பு நிற்கிறது. வங்காளியில் பிள்ளைக்குக் கல்யாணம் "கொடுப்பார்கள்". வேறுவேறு குடும்பத்து மொழிகள் பல நூற்றாண்டு ஒரே தெருவில் குடியிருந்து ஒன்றின் பழக்கம் மற்றதில் ஒட்டிக்கொண்டதை, 1956இல் எமனோ என்ற அறிஞர் இந்தியா ஒரு மொழிவட்டாரம் என்று பெயரிட்டு விளக்கினார். முடிந்த வினைக்குப் பின்னால் கொள், கொடு, போடு, விடு என்று இன்னொரு வினையை வால்போலச் சேர்ப்பது அந்தத் தெருப் பழக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஆனால் இந்தியின் "லேனா" தொடர்ந்து நடக்கும் செயலைச் சொல்லும் வடிவத்தோடு சுலபமாகச் சேராது. நடந்துகொண்டிருப்பது, நடக்கவிருப்பது என்று "ஷாதி கர் ரஹா ஹூன்" என்று சொல்லும்போது அது நழுவிவிடுகிறது. தமிழில் "கொள்" எந்தக் காலத்திலும் கழலாது: பண்ணிக்கிட்டேன், பண்ணிக்கிறேன், பண்ணிக்குவேன். இளைஞர் தன் மொழியின் நேர்த்தியான விதி ஒன்றைச் சரியாகப் பின்பற்றினார். அது வேறு ஊர் விதி, அவ்வளவே.

இடோ சறுக்கும் இடமும் இங்கேதான் தெரிகிறது. கல்யாணத்தால் வரும் உறவுக்கு அதில் "போ" என்ற முன்னொட்டு உண்டு: பாத்ரோ அப்பா, போபாத்ரோ மாமனார். இருக்கிற அப்பா ஒருவர், வந்த அப்பா ஒருவர். ஆனால் தாய்மாமன் மகளைக் கட்டிக்கொண்டவருக்கு மாமனார் புதிதாக வரவில்லை. தொட்டிலில் கிடந்தபோதே அவர் மாமாதான். தங்கை மகனும் மருமகன், மகளைக் கட்டியவனும் மருமகன். லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற அமெரிக்கர் 1871இல் உலக உறவுமுறைச் சொற்களைத் திரட்டி நூலாக்கியபோது, தமிழ் அட்டவணை வட அமெரிக்கப் பழங்குடிகள் சிலரின் அட்டவணையோடு பல இடங்களில் பொருந்துவதைக் கண்டு அசந்துபோனார். "போ" அங்கே எதன் தலையில் ஏறி உட்காரும்? தர்க்கத்தில் ஓட்டை இல்லை. பாரீசில் கூடிய குழுவில் முறைப்பெண் உள்ள வீட்டுக்காரர் இல்லை.

சட்டமும் இந்த வினையைத் தொட்டிருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கத் தமிழ்நாடு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். தாலி கட்டினாலும் சரி. முதல் இரண்டும் சமச்சீர் வினைகள், மூன்றாவது அல்ல. கொடுப்பவரும் கட்டாயமில்லை, புரோகிதரும் கட்டாயமில்லை. உடன்போக்குக்குத் தொல்காப்பியம் திறந்துவைத்த சன்னலைச் சட்டம் வாசலாக்கியது எனலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நம் கல்யாணப் பத்திரிகையின் வாக்கியம் அசையவில்லை. மஞ்சள் தடவிய எந்த அட்டையையும் பிரித்துப் பாருங்கள். இன்னாருடைய குமாரனுக்கும் இன்னாருடைய குமாரத்திக்கும் திருமணம் நடைபெறப் "பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு" என்று இருக்கும். மணமகன் நான்காம் வேற்றுமை. மணமகளும் நான்காம் வேற்றுமை. நிச்சயித்த பெரியோர் "ஆல்" போட்டு மூன்றாம் வேற்றுமையில் பின்னால் நிற்கிறார்கள். மேடையில் அத்தனை பேர் இருந்தும் அந்த வாக்கியத்தில் எழுவாயாக நிற்பது "திருமணம்" ஒன்றுதான்.

இளைஞரின் லீவு? சூப்பர்வைசர் விஷயத்தைப் புரிந்துகொண்டு சிரித்திருப்பார். படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் வினைச்சொல்லே வேண்டாமென்று விட்டுவிட்டு, இரண்டே சொல்லில் முடித்திருப்பார்: "சொந்தக் கல்யாணம்."